ராமென் வகைகள்: கிண்ணத்தைப் பிரித்துப் பார்த்தால்

ராமென் என்பது ஜப்பானியர் பெரும்பாலும் சூடான சூப்போடு உண்ணும் நூடுல்ஸ். ஜப்பானிய உணவகத்தின் விலைப்பட்டியலில் ஷோயு ராமென், ஷியோ ராமென், மிசோ ராமென், தோன்கொத்சு ராமென் என்று நான்கு பெயர்கள் வரிசையாக இருக்கும். பார்ப்பதற்கு நான்கும் ஒரே இனத்துப் பெயர்கள் போலத் தோன்றும். அப்படி இல்லை. ஷோயு என்றால் சோயா சாஸ். ஷியோ என்றால் உப்பு. மிசோ என்பது சோயாவைப் புளிக்கவைத்து எடுக்கும் விழுது. கிண்ணத்தில் உப்பும் சுவையும் எதிலிருந்து வருகின்றன என்பதை இந்த மூன்று பெயர்களும் சொல்கின்றன. தோன்கொத்சு என்றாலோ பன்றி எலும்பு. சூப்பை எதை வேகவைத்து எடுத்தார்கள் என்பதை அது சொல்கிறது. நம் சமையலில் மிளகுக் குழம்பு, புளிக்குழம்பு, ஆட்டுக்கால் குழம்பு என்று பெயர் வைப்பதைப் போலத்தான். ஆட்டுக்கால் குழம்பில் மிளகும் இருக்கலாம் அல்லவா? அதே மாதிரி பன்றி எலும்பு சூப்பில் சோயா சாஸ் சேர்த்த ராமென் யோக்கோஹாமாவில் 1974இல் தொடங்கி, இன்று 'இயேகெய்' என்ற பெயரில் தனி வகையாகவே நிற்கிறது.

இந்தச் சின்னக் குழப்பம் தீர்ந்துவிட்டால் வீட்டில் ராமென் செய்வது பாதி எளிதாகிவிடும். ராமென் ஒரே பானையில் கொதித்து இறங்கும் பண்டம் கிடையாது. ஐந்து பொருட்களைத் தனித்தனியாகத் தயார் செய்து, கடைசி இரண்டு நிமிடங்களில் கிண்ணத்தில் சேர்க்கிறார்கள்: தாரே என்னும் சுவைச்சாறு, சூப், வாசனை எண்ணெய், நூடுல்ஸ், மேலே வைக்கும் முட்டை, இறைச்சி, காய் வகைகள். இவற்றில் ஒன்றை மாற்றினால் வகை மாறிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒரு பானை கோழிச் சூப் வைத்தால், அந்த வாரத்தில் மூன்று விதமான ராமென் சாப்பிடலாம்.

தாரே: எல்லாம் தொடங்கும் இடம்

புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் சூப்பில்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நான்கு மணி நேரம் எலும்பைக் கொதிக்கவிட்டும் கிண்ணத்தில் ஊற்றியபோது சப்பென்று இருந்தது. உப்புப் போட்டேன், இன்னும் கொஞ்சம் போட்டேன். கரிப்பு ஏறியதே தவிர ருசி வரவில்லை. தாரே என்று ஒன்று இருக்கிறது என்பதே அப்போது எனக்குத் தெரியாது.

ராமென் கடைகளில் பொதுவாகச் சூப் பானையில் உப்புப் போடுவதில்லை. உப்பு முழுவதும் தாரேயிலிருந்து வருகிறது. கிண்ணத்தின் அடியில் இரண்டு மேசைக்கரண்டி தாரே ஊற்றி, அதன்மேல் சூடான சூப்பை ஊற்றுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். ஜப்பானிய சோயா சாஸில் ஏறக்குறைய 16 சதவீதம் உப்பு. 30 மி.லி. எடுத்தால் 5 கிராம் அளவுக்கு உப்பு வரும். அதை 300 மி.லி. சூப்போடு கலந்தால் ஏறத்தாழ ஒன்றரை சதவீதம். சும்மா குடிக்கிற சூப்புக்கு இது அதிகம்தான். ஆனால் நூடுல்ஸை உப்பில்லாத தண்ணீரில் வேகவைக்கிறோம், அதோடு சேரும்போது சரியாக நிற்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டு சூப்பைக் கிண்ணத்திலேயே விட்டுவிடலாம். ஜப்பானிலும் பலர் அப்படிச் செய்கிறார்கள், யாரும் தவறாக நினைப்பதில்லை.

வெறும் சோயா சாஸ் தாரே ஆகிவிடாது. அதற்குள் கொம்பு என்னும் தடித்த கடற்பாசியும் உலர்ந்த மீனும் இறங்க வேண்டும். 1908இல் கிகுனாயே இகேதா என்ற வேதியியலாளர் கொம்புவிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அது தரும் சுவைக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். 1913இல் அவருடைய மாணவர் ஷின்தாரோ கொதாமா, கத்சுஓபுஷி என்னும் உலர்மீனில் இனோசினேட் என்ற வேறொரு பொருள் உமாமி தருவதைக் கண்டார். இந்த இரண்டும் ஒன்று சேரும்போது சுவை கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறுகிறது. கடற்பாசியும் மீனும் சேர்ந்த சாற்றின் ருசி, அவற்றைத் தனித்தனியாகச் சுவைத்தால் ஒருபோதும் கிடைக்காது.

கத்சுஓபுஷி என்றதும் அந்நியமாகத் தோன்ற வேண்டாம். சூரை மீனை வேகவைத்து, புகையில் வாட்டி, கட்டை மாதிரி இறுகும்வரை உலர்த்தினால் கிடைப்பது அது. மாலத்தீவிலிருந்து வரும் மாசிக் கருவாடும் அதே சூரையை அதே முறையில் வேகவைத்துப் புகையிட்டு உலர்த்தியதுதான். இலங்கைத் தமிழர் வீடுகளில் மாசிச் சம்பல் இடிக்கிறவர்களுக்கு இந்த மணம் நன்றாகத் தெரியும். கத்சுஓபுஷி கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் ஒரு சிறு துண்டு மாசியை இடித்துப் போடலாம். வாசனை கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், அதனால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஷோயு தாரேக்கு 100 மி.லி. சோயா சாஸ், 20 மி.லி. மிரின் என்னும் இனிப்பு அரிசிச் சாறு, உள்ளங்கையில் பாதி அளவு கொம்பு, ஒரு கைப்பிடி கத்சுஓபுஷிச் சீவல். மிரின் இல்லையென்றால் ஒரு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம். கொம்புவைச் சாஸில் அரை மணி நேரம் ஊறவைத்து, சிறு தீயில் சூடாக்கி, கொதி வரும் முன்பே எடுத்துவிட வேண்டும். கொதித்தால் வழவழப்பும் கசப்பும் இறங்கிவிடும். அப்புறம் மீன் சீவலைப் போட்டு, அடுப்பை அணைத்து, பத்து நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். குளிர்பெட்டியில் சில வாரங்கள் கெடாமல் இருக்கும்.

ஷியோ தாரே இன்னும் நுட்பமானது, ஏனென்றால் அதில் ஒளிந்துகொள்ள இடமில்லை. 100 மி.லி. தண்ணீரில் கொம்புவை இரவு முழுக்க ஊறவிட்டு, உலர்மீன் சேர்த்துச் சூடாக்கி வடிகட்டி, அதில் 17 கிராம் உப்பைக் கரைக்க வேண்டும். இரண்டு மேசைக்கரண்டியில் ஐந்து கிராமுக்குக் கொஞ்சம் குறைவான உப்பு வரும். அளவு சோயா தாரே போலவே.

தெளிந்த சூப், கலங்கிய சூப்

சூப்பில் ஆயிரம் வகை இருப்பது போலத் தோன்றினாலும் பெரிய பிரிவு இரண்டுதான். தெளிவானதைச் 'சிந்தான்' என்றும் பால் போல வெளுத்துக் கலங்கியதைப் 'பைதான்' என்றும் சொல்கிறார்கள். இரண்டையும் ஒரே எலும்பிலிருந்து எடுக்கலாம். தீ மட்டுமே வேறு.

எலும்பும் தோலும் நீண்ட நேரம் வேகும்போது அவற்றில் உள்ள கொலாஜன் கரைந்து ஜெலட்டின் ஆகிறது. கூடவே கொழுப்பும் உருகி மேலே மிதக்கிறது. தீ மெல்லியதாக இருந்தால் கொழுப்பு மேலேயே தங்கும், கீழே சூப் தெளிந்திருக்கும். தளதளவென்று கொதிக்கவிட்டால் அந்தக் கொந்தளிப்பில் கொழுப்பு நுண்துளிகளாகச் சிதறும். ஜெலட்டின் ஒவ்வொரு துளியையும் சுற்றிக்கொண்டு மறுபடி ஒன்றுசேர விடாமல் தடுக்கும். பாலில் கொழுப்பு மிதக்கிற மாதிரிதான் இதுவும், அதனால்தான் நிறமும் பால் மாதிரி. பைதான் சூப்பில் பால் ஊற்றியிருப்பார்களோ என்று பலர் கேட்பதுண்டு. வழக்கமான முறையில் ஒரு சொட்டுகூடக் கிடையாது.

வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது தெளிந்த கோழிச் சூப். கறிக்கடையில் கழுத்து, முதுகெலும்பு, கால் எல்லாம் கலந்து ஒரு கிலோ கேளுங்கள். கால் கட்டாயம் இருக்கட்டும், ஜெலட்டின் அதில்தான் அதிகம். எலும்பைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு, அந்த நீரைக் கொட்டி, ரத்தக்கட்டிகளைக் கழுவுங்கள். பிறகு மூன்று லிட்டர் தண்ணீரில் போட்டு, மேலே ஒன்றிரண்டு குமிழ் மட்டும் வரும் தீயில் நான்கு மணி நேரம். கடைசி ஒரு மணி நேரத்தில் இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி. மசாலா எதுவும் வேண்டாம். பட்டை கிராம்பைப் போடக் கை போகும், தடுத்துக்கொள்ளுங்கள். முடிவில் ஏறக்குறைய இரண்டு லிட்டர், ஆறு கிண்ணத்துக்குச் சூப் கிடைக்கும். மேலே படியும் மஞ்சள் கொழுப்பை வழித்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் வாசனை எண்ணெய்.

அந்த எண்ணெயைப் பற்றி இரண்டே வார்த்தை. கோழிக்கொழுப்பில் வெங்காயத்தாளையோ பூண்டையோ சிவக்க வதக்கி வடிகட்டினால் போதும், கிண்ணத்துக்கு ஒரு மேசைக்கரண்டி. ஜப்பானிய எள்ளெண்ணெய் கேட்கும் இடத்தில் நல்லெண்ணெய் ஊற்றக் கூடாது. அவர்கள் எள்ளை நன்றாக வறுத்து ஆட்டுகிறார்கள், நம்முடையது வறுக்காதது. இரண்டின் மணமும் வேறு வேறு.

நூடுல்ஸ் மஞ்சளாக இருப்பது எதனால்

முட்டை சேர்ப்பதால் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். காரணம் கன்சுயி என்னும் காரநீர். சோடியம் கார்பனேட்டும் பொட்டாசியம் கார்பனேட்டும் கலந்தது. கோதுமை மாவில் நிறமில்லாமல் இருக்கும் சில பொருட்கள் காரத்தில் மஞ்சளாகின்றன. அதோடு மாவின் புரதம் இறுகி, கடிக்கும்போது துள்ளுகிறது. சூடான சூப்பில் ஊறினாலும் சட்டென்று குழைந்துபோகாமல் இருப்பதும் இதனால்தான். கன்சுயி இல்லாவிட்டால் அது வேறு நூடுல்ஸ், ராமென் நூடுல்ஸ் ஆகாது.

வீட்டில் செய்ய ஒரு வழி உண்டு. சமையல் சோடாவை ஒரு தட்டில் பரப்பி, 120 டிகிரி செல்சியஸ் ஓவனில் ஒரு மணி நேரம் வைத்தால் அது சோடியம் கார்பனேட்டாக மாறிவிடும். எடை மூன்றில் ஒரு பங்கு குறையும். இந்தப் பொடி தோலை எரிக்கும், கரண்டியால் கையாளுங்கள். 100 கிராம் மைதாவுக்கு 1 கிராம் இந்தப் பொடி, 1 கிராம் உப்பு, 40 மி.லி. தண்ணீர். மாவு பரோட்டா மாவு போல இளகியிருக்காது, பொலபொலவென்று உதிரும். மூடி அரை மணி நேரம் வைத்து அழுத்திச் சேர்த்து, பாஸ்தா இயந்திரத்தில் தேய்த்து வெட்டலாம். கையால் தேய்ப்பது கடினம், முதல் முறையே இதில் இறங்க வேண்டாம் என்பேன்.

அதற்குப் பதில் மெல்லிய ஸ்பகெட்டியை எடுத்து, ஒரு லிட்டர் கொதிநீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா போட்டு வேகவையுங்கள். நீர் பொங்கும், பெரிய பாத்திரம் வேண்டும். வெந்தபின் ஒருமுறை அலசினால் ராமெனுக்கு வெகு அருகில் வந்துவிடும். ஜப்பானிலேயே பல வீடுகளில் செய்யும் தந்திரம் இது. உடனடி நூடுல்ஸ் பாக்கெட்டின் மசாலாவை ஒதுக்கிவிட்டு நூடுல்ஸை மட்டும் எடுத்துக்கொள்வதிலும் தவறில்லை. மொமொஃபுகு ஆந்தோ 1958 ஆகஸ்ட் 25 அன்று உலகின் முதல் உடனடி நூடுல்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் பெயரே 'சிக்கின் ராமென்' தான். அதுவரை பெரும்பாலும் 'சூக்கா சோபா', அதாவது சீன நூடுல்ஸ், என்று அழைக்கப்பட்ட உணவுக்கு ராமென் என்ற பெயர் நிலைத்ததில் அந்தப் பாக்கெட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

எந்த வரிசையில் செய்து பழகுவது

முதலில் அபுரா சோபா செய்யுங்கள். சூப்பே இல்லாத ராமென் இது, 1950களில் தோக்கியோவின் மேற்குப் பக்கம் பரவியது. கிண்ணத்தில் ஷோயு தாரே ஒன்றரை மேசைக்கரண்டி, வாசனை எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, சில துளி வினிகர். வடித்த சூடான நூடுல்ஸைப் போட்டுப் புரட்டினால் முடிந்தது. தாரே சரியாக வந்திருக்கிறதா, எண்ணெய் மணக்கிறதா என்று நாக்கு நேராகச் சொல்லிவிடும். சூப்பின் பின்னால் குறை மறைந்துபோகாது. இங்கே தாரேயைச் சரிசெய்துகொண்டால் மற்றவை எல்லாம் கூடிவரும்.

அடுத்து ஷோயு. தோக்கியோவின் அசாகுசாவில் 1910இல் தொடங்கிய ராய்ராய்கென் என்ற கடை, சீனச் சமையல்காரர்களை வைத்துச் சோயா சாஸ் சுவையில் நூடுல்ஸ் கொடுத்தது. தோக்கியோ ஷோயு ராமெனின் கதை அங்கிருந்துதான் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. தெளிந்த கோழிச் சூப் 300 மி.லி., ஷோயு தாரே 30 மி.லி., கோழிக்கொழுப்பு. மேலே முட்டை, வெங்காயத்தாள், ஒரு துண்டு நோரி என்னும் உலர்ந்த கடற்பாசித் தாள். வேறெதுவும் வேண்டாம். அதே சூப்பில் தாரேயை மட்டும் மாற்றினால் ஷியோ. வடக்கே ஹொக்கைதோ தீவின் துறைமுக நகரமான ஹகோதாதே இதற்குப் பெயர்பெற்றது. சூப்பின் ஒவ்வொரு குறையும் வெளியே தெரியும் வகை இது என்பதால், சூப் தெளிவாகவும் மணமாகவும் அமைந்த நாளில் மட்டும் ஷியோ செய்கிறேன்.

மிசோ ராமெனும் ஹொக்கைதோவைச் சேர்ந்ததே, ஆனால் குணத்தில் நேர் எதிர். சப்போரோ நகரில் 'அஜி நோ சான்பெய்' கடையை நடத்திய மொரிதோ ஓமியா 1950களில் இதை உருவாக்கினார். பனி கொட்டும் ஊர், உடம்பு சூடாக வேண்டும். சப்போரோ முறையில் வாணலிதான் உயிர். பன்றிக்கொழுப்பு நன்றாகக் காய்ந்ததும் கொத்துக்கறி, பூண்டு, இஞ்சி, வெங்காயம், நீண்ட முளைப்பயறு எல்லாவற்றையும் பெருந்தீயில் வதக்கி, இரண்டரை மேசைக்கரண்டி மிசோ சேர்த்துப் புரட்டி, சூப்பை அந்த வாணலியிலேயே ஊற்றுகிறார்கள். மிசோ லேசாகக் கருகும் அந்த மணம் சூப்பில் இறங்க வேண்டும். மிசோவை வெறுமனே சூப்பில் கரைத்தால் அது மிசோ சூப்பில் போட்ட நூடுல்ஸ்தான். மேலே மிதக்கும் கொழுப்புப் படலம் சூட்டை வெளியே விடாது, அதனால் முதல் வாயை ஊதிச் சாப்பிடுங்கள். நூடுல்ஸ் தடித்து, சுருண்டு, மஞ்சளாக இருக்கும். பன்றிக்கொழுப்பு வேண்டாதவர்கள் கோழிக்கொழுப்பில் செய்யலாம், நன்றாகவே வரும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு வழி. மேலே சொன்ன தாரேகளில் மீனை விட்டுவிட்டு உலர்ந்த ஷிதாகே காளானைப் போடுங்கள். அதில் குவானிலேட் என்னும் மூன்றாவது உமாமிப் பொருள் இருக்கிறது, கொம்புவோடு சேர்ந்தால் மீன் செய்யும் வேலையைச் செய்யும். இரண்டாவது தந்தன்மென். சீனாவின் சிச்சுவானிலிருந்து ஜப்பானுக்கு வந்த சென் கென்மின் என்ற சமையல் கலைஞர், அங்கே சூப் இல்லாமல் உண்ணும் தந்தன் நூடுல்ஸை ஜப்பானியர் விருப்பத்துக்கு எள் விழுதும் சூப்பும் சேர்த்து மாற்றினார். வறுத்த எள்ளை நைசாக அரைத்து, சோயா தாரே, மிளகாய் எண்ணெய், காளான்–கொம்பு சாறு, சரிபாதி சோயா பால். சோயா பாலைக் கொதிக்கவிடாதீர்கள், திரிந்துவிடும். இறைச்சிக்குப் பதிலாகப் பொடியாக நறுக்கிய காளானை மொறுமொறுப்பாக வதக்கிப் போட்டால் எதுவும் குறைந்த மாதிரியே இருக்காது.

வெயில் காலத்துக்குச் சுகேமென். தோக்கியோவில் கசுவோ யாமாகிஷி 1955இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தடித்த நூடுல்ஸை வேகவைத்துக் குளிர்ந்த நீரில் அலசித் தனித்தட்டில் வைத்து, வழக்கத்தைவிட இரட்டிப்பு அடர்த்தியான சூடான சாற்றில் தொட்டுச் சாப்பிடுவது. 150 மி.லி. சூப்புக்கு 30 மி.லி. தாரே, கொஞ்சம் வினிகர், கொஞ்சம் சர்க்கரை. நூடுல்ஸ் தீர்ந்ததும் மிச்சச் சாற்றில் வெந்நீரோ சூப்போ ஊற்றிக் குடிப்பார்கள்.

கடைசியாகத் தோன்கொத்சு. தெற்கே கியூஷூ தீவின் குருமே நகரில் 1937இல் 'நான்கின் சென்ரியோ' என்ற தள்ளுவண்டிக் கடையில் தொடங்கியது. அப்போது சூப் இவ்வளவு வெள்ளையாக இல்லை. 1947இல் அதே ஊரில் இன்னொரு கடையில் பானையைக் கவனிக்காமல் விட்டதில் எலும்பு அளவுக்கு மீறிக் கொதித்து வெளுத்துப்போனது, ருசித்துப் பார்த்தால் நன்றாக இருந்தது என்று சொல்கிறார்கள். பக்கத்து ஹகாதாவில் நூடுல்ஸ் மெலிந்து நேராக இருக்கும், ஒரு நிமிடத்துக்குள் வெந்துவிடும். மெல்லிய நூடுல்ஸ் சூப்பில் சீக்கிரம் ஊறிவிடும் என்பதால் முதலில் கொஞ்சமாகப் போட்டு, தீர்ந்ததும் 'கயேதாமா' என்று கேட்டு இன்னொரு பிடி வாங்கிக்கொள்வார்கள்.

வீட்டில் உண்மையான தோன்கொத்சு என்றால் காலெலும்பைப் பத்து மணி நேரத்துக்கு மேல் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். எரிவாயுவும் போகும், வீடெங்கும் வாடையும் நிற்கும். அதே அடர்த்தியைக் கோழியில் எடுக்கலாம், அதற்குத் 'தோரி பைதான்' என்று பெயர். கோழிக் காலும் எலும்பும் ஒரு கிலோ, தண்ணீர் இரண்டு லிட்டர், பிரஷர் குக்கரில் ஒரு மணி நேரம். பிறகு மூடியைத் திறந்து, அகப்பையால் எலும்பை நசுக்கிக்கொண்டே பெருந்தீயில் அரை மணி நேரம். கண் முன்னாலேயே சூப் வெளுக்கும். வடிகட்டி, ஷியோ தாரேயோடு ஊற்றிப் பாருங்கள். எனக்குத் தோன்கொத்சுவைவிட இதுதான் பிடிக்கும், கனம் இருக்கிறது, வாடை இல்லை.

முட்டையை மறந்துவிடக் கூடாது. கொதிநீரில் ஆறு நிமிடம், பெரிய முட்டை என்றால் ஆறரை. உடனே பனிநீரில் போட்டு உரித்து, சோயா சாஸ் ஒரு பங்கு, மிரின் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு கலந்த சாற்றில் குளிர்பெட்டியில் ஓர் இரவு ஊறவையுங்கள். வெள்ளை பழுப்பாகி, மஞ்சள் கரு ஜாம் மாதிரி இறுகியிருக்கும். சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முழுதாக வெந்த முட்டையே வையுங்கள்.

சரி, எல்லாம் தயார் என்றால் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டுங்கள். குளிர்ந்த பீங்கான் சூப்பின் சூட்டை உடனே இழுத்துவிடும். நூடுல்ஸ் வேகத் தொடங்கிய பிறகு தாரேயும் எண்ணெயும் கிண்ணத்தில் போகட்டும். நூடுல்ஸ் எடுக்க அரை நிமிடம் இருக்கும்போது கொதிக்கும் சூப்பை ஊற்றுங்கள். நூடுல்ஸை வடித்து, நன்றாக உதறி, ஒட்டிய தண்ணீர் சூப்பைக் கெடுக்காமல் போட்டு, சாப்ஸ்டிக்கால் ஒருமுறை தூக்கி மடித்து வையுங்கள். மேலே முட்டையும் வெங்காயத்தாளும் வைப்பதற்குள் வீட்டில் எல்லோரையும் மேசைக்குக் கூப்பிட்டுவிடுங்கள். ஐந்தாறு நிமிடங்களுக்கு மேல் நூடுல்ஸ் காத்திருக்காது.